ஆட்டுக்கொட்டகைத் தூண்

அந்தக் குட்டை இரும்புக் குழாய்க்குத் தூணாக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அப்போது அது ஒரு நாற்றுப்பண்ணையின் உருண்டைக் கூரையில் இருந்தது. அறுபத்தைந்து குழாய்கள் முக்கோணம் முக்கோணமாகக் கைகோத்து நின்ற கூரை. குட்டைக் குழாயின் தலையை இன்னும் ஐந்து குழாய்களின் தலையோடு ஒரே போல்ட்டு சேர்த்துப் பிடித்திருந்தது. நடுவில் தூணே கிடையாது. காற்று மோதினால், அடி வாங்கிய குழாய் "வருது, பிடி!" என்று கத்தும். பக்கத்துக் குழாய்கள் "பிடிச்சாச்சு!" என்று ஆளுக்குக் கொஞ்சம் வாங்கி அடுத்ததுகளுக்குத் தள்ளிவிடும். தரைக்கு வருவதற்குள் புயல்கூடப் பொடிப்பொடியாகிவிடும்.

"இத்தனை பேர் தாங்கினா யார் பேரு வெளியே தெரியும்?" என்று இது மட்டும் முணுமுணுக்கும்.

பண்ணை கைமாறியது. கூரையைப் பிரித்தார்கள். குழாய் ஓர் ஆட்டுக்கொட்டகைக்கு ஒற்றைத் தூணாயிற்று. உச்சியில் கழற்ற வராமல் துருப்பிடித்திருந்த அந்தப் பழைய போல்ட்டிலேயே தகரத்தை மாட்டினார்கள். ஆடுகள் "தூணண்ணே" என்று மரியாதையாகக் கூப்பிட்டு முதுகு தேய்த்துக்கொண்டன. பெருமை ஒரு மாதம் தாங்கியது. பிறகு காற்றில்லாத மதியங்களில் நாற்றுகளின் ஈரவாசம் ஞாபகம் வரும். பக்கத்தில் நின்ற ஐந்து பேரும் ஞாபகம் வருவார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் பெருங்காற்று கிளம்பியது. தகரம் எகிறியது. ஆடுகள் ஒண்டிக்கொண்டு தூணையே பார்த்தன. இடுப்பு வளைந்த குழாய் பழக்கதோஷத்தில் கத்திவிட்டது.

"வருது, பிடி!"

கத்தியபிறகுதான் யாருமில்லை என்பது உறைத்தது.

"பிடிச்சாச்சு" என்றது தலைக்கு மேலே போல்ட்டு. "ஆறு பேரைப் பிடிச்ச கைடா இது. நீ ஒருத்தனாவது மிஞ்சினியே."