கை மட்டும் போதும்

"கை மட்டும் போதும்க்கா. மொகத்த எடுக்காதிய."

பேச்சிச்செல்வி முந்தானையை இழுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டாள். காதோரம் தொடங்கித் தாடை வரை இறங்கிய தீக்காயத் தழும்பு அப்படியும் கொஞ்சம் தெரிந்தது. ஜெப்ஸி செல்போனைத் தாழ்த்தினாள்.

"ஏளா, ஆளு யாருன்னே தெரியாம கருவாட்டுத் தொக்க எவன் வாங்குவான்? மொகம் தெரிஞ்சாத்தான் பேரு மனசுல பதியும்."

"பதியாட்டாப் போவுதுக்கா."

திரேஸ்புரத்துச் சந்தில் ஒற்றை அறை வாடகை வீடு. அங்கே செல்வி செய்யும் தொக்கை இன்ஸ்டாகிராம் வழியாக ஊரறியச் செய்வது ஜெப்ஸியின் வேலை. பாட்டிலில் ஒட்டும் விலாசம்கூட ஜெப்ஸியின் ஆபீஸ் விலாசம்தான். "எங்க சந்து கூரியர்காரனுக்குப் பிடிபடாதுக்கா" என்று செல்வி சொல்லியிருந்தாள்.

பாவம், தழும்புக்குக் கூசுகிறாள் என்று ஜெப்ஸி நினைத்தாள். அன்று பக்கத்து வீட்டுக்காரி தொக்கை ருசி பார்த்துவிட்டு ஏதோ கேலி பேச, முந்தானை நழுவியது தெரியாமல் செல்வி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஜெப்ஸி அவளுக்குத் தெரியாமல் படமெடுத்து, மறுநாள் காலையில் ரீல்ஸாகப் போட்டுவிட்டாள்.

மாதக்கணக்கில் ஈயாடிய பக்கத்தில் சாயங்காலத்துக்குள் கூட்டம் அலைமோதியது. "இந்த அக்கா சிரிப்புக்காகவே வாங்கலாம்" என்று எங்கெங்கிருந்தோ எழுதினார்கள்.

செல்வி போனில் அழுதாள். "அழிச்சிருங்கக்கா. ஒங்களக் கும்பிடுதேன்."

"ஒந் தழும்பப் பத்தி ஒருத்தராவது தப்பா எழுதியிருக்காவளா? ரெண்டு நாள் இருக்கட்டும்ளா, பொறவு எடுத்துருதேன்."

செல்வி போனை வைத்துவிட்டாள். பிறகு கூப்பிட்டபோது போன் அணைக்கப்பட்டிருந்தது. ஜெப்ஸிக்கு உறுத்தியது. அழிக்கப் போன விரல், ஏறிக்கொண்டே இருந்த எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தது.

மறுநாள் ஆபீஸுக்கு ஒரு வயதான அம்மா வந்தாள். நெற்றி நிறையத் திருநீறு, கையில் திருச்செந்தூர்ப் பிரசாதப் பை.

"விளாத்திகுளத்துல இருந்து வாரோம் தாயி. சாமி கும்பிட்டுட்டுத் திரும்புதோம். செல்போன்ல அந்தப் பிள்ள சிரிச்ச சிரிப்பு கண்ணுக்குள்ளயே நிக்குது."

ஜெப்ஸி அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள். அந்த அம்மா அதை வாங்கவில்லை.

"அவ கையால வாங்கணும் தாயி. நேர்ல பாத்து ஒரு வார்த்த சொல்லணும். கார்ல மவன் இருக்கான், ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம்."

அழுதுகொண்டிருக்கும் செல்விக்கு இதைவிட வேறென்ன ஆறுதல் வேண்டும்? ஜெப்ஸி ஸ்கூட்டரில் முன்னே போனாள், கார் பின்னால் வந்தது. சந்து முனைக்கு மேல் கார் நுழையவில்லை. அந்த அம்மா மட்டும் இறங்கி, ஜெப்ஸியின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள். "நீ நல்லாருப்ப தாயி" என்று வழியெல்லாம் வாழ்த்தினாள்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"செல்வி, நாந்தான். ஒன்னயத் தேடி யாரு வந்திருக்கான்னு பாரு!"

கதவு பாதி திறந்தது. அடுப்பு அணைந்து கிடந்தது. சுவரோரம் ஒரு பை கட்டி வைக்கப்பட்டிருந்தது. ஜெப்ஸிக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்ததும் செல்வி கதவைச் சாத்தப் போனாள். முடியவில்லை.

அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, அந்த அம்மா சந்து முனையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏலே, எறங்கி வா. ஒம் பொண்டாட்டி இங்கனதான் இருக்கா."