மழையிடம் யாரும் கத்துவதில்லை

"மூக்கு, முடி எல்லாத்தையும்கூட மன்னிச்சிடலாம். ஆனா அவன் கத்துறாண்ணா!" என்று ஸ்கூட்டியின் பின்னாலிருந்து எமி கத்தினாள்.

இருபுறமும் மல்லாபூர் ரோட்டு லாரிகள். கத்தாமல் பேச வழியில்லை.

"யாரு?" என்றான் அண்ணன் ஜாய்சன், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

"அந்த நடிகன்தான். டீசர் பார்த்தேல்ல? மழைக் காவலனாம் அவன். அந்தப் புஜத்துக்குக் குடை எதுக்கு? ஒரு கிரேன் கொடுக்கலாம்."

ஜாய்சன் சிரித்ததில் வண்டி லேசாக ஆடியது.

மழைக் காவலன், அவர்கள் சின்ன வயதில் பார்த்த ஜப்பானிய அனிமே கார்ட்டூன். பன்னிரண்டு வயதுப் பையன், ஓர் ஓட்டைக் குடை, ஊரை மூழ்கடிக்க வரும் மழை. இப்போது அதை நிஜ மனிதர்களை வைத்துப் படமாக எடுக்கிறார்கள். இந்த ஆளை வைத்து எடுக்கக் கூடாது என்று இன்று செகந்திராபாத்தில் ரசிகர்கள் கூடுகிறார்கள். இருநூறு பேர். ஐந்து மணிக்கு முதலில் பேசப்போவது எமி.

மைக் பிடித்துப் பழக்கமில்லை. மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"முதல் காரணம், கேளு." சிக்னலில் நின்றபோது காகிதத்தைப் பிரித்துப் படித்தாள். "மழைக் காவலன் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. மழையிடம் யாராவது கத்துவார்களா? ரகசியம் போலத்தான் சொல்வான். அதனால்தான் மழை அவன் பேச்சைக் கேட்டது."

நாச்சாரம் சிக்னல் பச்சையானது. ஜாய்சன் நகரவில்லை.

பின்னால் ஹாரன்கள் அலறின. அவன் வண்டியை மெதுவாக ஓரங்கட்டி, ஓர் இரானி டீக்கடை முன் நிறுத்தினான்.

"கைக்கு? ஏன் நிறுத்தினே? லேட் ஆகுது!"

"எமி, பெரியவளானப்புறம் அதைத் திரும்பப் பார்த்தியா?"

"இல்ல, நக்கோ. பார்த்தா கெட்டுப்போயிடும். எனக்கு மனசுல அப்படியே இருக்கு."

அவளையும் இழுத்துக்கொண்டு அவன் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தான். கைபேசியில் எதையோ தேடி எடுத்து, ஒலியை முழுக்க ஏற்றி, அவளிடம் நீட்டினான்.

திரையில் அந்தப் பழைய அனிமே. கழுத்து நரம்பு புடைக்க, குடையை ஈட்டி மாதிரி ஓங்கிக்கொண்டு, மழைக் காவலன் வீறிட்டான்.

கடைக்குள் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் நனைத்துக்கொண்டிருந்த உஸ்மானியா பிஸ்கட் கோப்பைக்குள் விழுந்தது.

அடுத்த காட்சியிலும் வீறிட்டான். அதற்கடுத்ததில் இன்னும் பலமாக.

"இது ஃபேக்," என்றாள் எமி. "யாரோ வேற குரல் போட்டிருக்கான்."

"இதுதான் அசல்."

"அப்ப நான் கேட்டது?"

ஜாய்சன் ஹெல்மெட்டைக் கழற்றினான். காது சிவந்திருந்தது.

"அப்பா கூட்ஸ் வண்டி கார்டுல்லா. ராத்திரி டூட்டி போயிட்டு வந்து பகல்ல தூங்குவாரு. மல்காஜ்கிரி குவார்ட்டர்ஸ்ல நமக்கு இருந்தது ஒரே ரூம். டிவியில சத்தம் வச்சா தோலை உரிச்சிருப்பாரு. உனக்கு ஆறு வயசு. கீழ ஓடுற இங்கிலீஷ் படிக்க வராது."

"அதனால?"

"அதனால நான் படிச்சு உன் காதுல சொன்னேன். அவரு எந்திரிச்சிடக் கூடாதேன்னு, மெதுவா. எல்லாருக்கும் குரல் நான்தான். அந்தப் பையனுக்கு, அவன் ஆட்டுக்குட்டிக்கு..."

"மழைக்கும் நீதானா?"

"ஹவ், நான்தான்," என்று வெட்கத்தோடு தலையாட்டினான்.

எமி காகிதத்தைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. இருநூறு பேர் முன்னால் மைக் பிடித்து அதைப் படிக்கவிருந்ததை நினைக்க நினைக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏனென்று தெரியாமலே கல்லாவில் இருந்தவரும் சிரித்தார்.

மணி நாலே கால் ஆகியிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைபேசியை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். பெஞ்சில் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"சவுண்டை மொத்தமா அணைச்சிடுண்ணா. நீ சொல்லு."