பட்டியலில் ஒரு பெயர்

டெல்லியின் குளிர்காலக் காலை. எல்லையில் உயிரிழந்தவர்களின் பட்டியல் தரைப்படைத் துணைத் தளபதி கிருஷ்ணபிரசாத்தின் மேஜைமீது கிடக்கிறது. மூன்றாவது பெயர் அர்விந்த். வெளியறையில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் உதவியாளர் மாசிலாமணியின் மகன். மணியடித்துக் கூப்பிட மனம் வராமல் தளபதியே எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறார். தட்டச்சுச் சத்தம் நிற்கிறது. "உள்ள வந்து உட்காருங்க, மாசிலாமணி." பதினோரு வருடமாக அந்த அறையில் நின்றே பழகியவர் தளபதியின் முகத்தைப் பார்க்கிறார். உள்ளே வந்து நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொள்கிறார். "நின்னுக்கிட்டே கேட்டுக்கறேன் சார்." "நம்ம அர்விந்த்..." தளபதி மேஜைமேலிருந்த பட்டியலை அவர் பக்கம் நகர்த்துகிறார். மங்கிய வெயில் மேஜைக் கண்ணாடியில் அசையாமல் கிடக்கிறது. மாசிலாமணி கேட்கிறார்: "வீட்ல அவளுக்குத் தெரியுமா சார்?" "இன்னும் சொல்லல." "நானே போய்ச் சொல்றேன்." தளபதி தொப்பியை எடுத்துக்கொள்கிறார். "வாங்க, சேர்ந்தே போவோம்."