காகிதத்துக்கு ஸ்கேன்

"செல்லக்கிளி, இன்னைக்கு நீ புது மெஷின்கிட்ட நில்லு."

பேப்பர் மில் சூப்பர்வைசர் வினிதா சொன்னதும் செல்லக்கிளி ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"வேணாங்க்கா. நான் பழைய பேப்பர் பிரிக்கவே போறேன்."

"அம்புட்டுத் தூசியிலயா? இது சும்மா நிக்கிற வேலை. ஆஸ்பத்திரி ஸ்கேன் மாதிரிதான். காதுக்குக் கேக்காத சத்தத்தை உள்ள அனுப்பி, ஓடுற பேப்பர் எங்க மெலிசுன்னு கண்டுபிடிச்சிரும். சிவப்பு லைட் எரிஞ்சா என்னைக் கூப்பிடு."

தொளதொள கோட்டின் பைக்குள் கையை விட்டபடி வினிதா நகர்ந்தாள்.

செல்லக்கிளி ஓர் அட்டையைத் தன் முன்னால் பிடித்துக்கொண்டு, மெஷினை விட்டு எட்டவே நின்றாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

அட்டையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வினிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மேனேஜர்கிட்ட சொல்லிராதீங்க. நம்ம கூட வேலை பார்த்த சுகன்யாவை நிப்பாட்டின மாதிரி என்னையும் நிப்பாட்டிருவாக."

"பேப்பர் மெலிசா வந்ததுக்கு உன்னை எதுக்கு நிப்பாட்டுறாங்க?"

செல்லக்கிளி பிடித்திருந்த கையை விட்டாள்.

"பேப்பரா? அப்ப என் வயித்துல பிள்ளை இருக்கிறதை அது காட்டலையா? சுகன்யாவை அதுக்குத்தானே நிப்பாட்டினாக?"

வினிதா சட்டென்று மேனேஜர் அறைப் பக்கம் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது.

"எத்தனை மாசம்?"

"மூணுக்கா."

"அது பேப்பரை மட்டும்தான் பார்க்கும்." வினிதா குரலைத் தாழ்த்தினாள். "நாளையிலருந்து நீயும் என்னை மாதிரி பெரிய கோட்டா பார்த்துப் போட்டுக்க. எனக்கு இது அஞ்சாவது மாசம்."