ஜானவாசக் கார்

“ஏன்னா, கண்ணுல என்ன, புரையா? நீங்க வந்தது இந்த ப்யூக்லதான்” என்றாள் ஜெயலக்ஷ்மி.

ஸ்ரீவத்சன் பக்கத்தில் நின்ற பாக்கார்டு காரின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. கல்யாணமாகி ஐம்பது வருஷம். ஜானவாசத்தன்று மாப்பிள்ளையாகத் தான் ஊர்வலம் வந்த காரையே வாங்கி, அவளை ஏற்றிக்கொண்டு மாடவீதியைச் சுற்ற வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. தேடி அலைந்ததில் அடையாறில் ராமானுஜத்தின் ஷெட்டில் இரண்டு கார்கள் அகப்பட்டன. இரண்டுமே அந்தக் காலத்தில் ராமானுஜத்தின் அப்பா மயிலாப்பூர் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டவை. ஒன்றைத்தான் தருவேன் என்று ராமானுஜம் கறாராகச் சொல்லிவிட்டார்.

“ப்யூக் சீட்டு சோபா மாதிரி இருக்கும். ஆனா பாக்கார்டு ராஜா வீட்டு வண்டி சார். இன்ஜின் ஓடறதே தெரியாது” என்றார் ராமானுஜம்.

“கேட்டியா ஜெயா? நான் வந்ததும் இதுலதான்” என்றார் ஸ்ரீவத்சன்.

“போறும். மாடி ஜன்னல்லேந்து பார்த்தவ நான். பெண் பார்க்க வந்தப்போ நான் தலையே நிமிரலை. மொகம் தெரியாதவருக்குக் கழுத்தை நீட்டணுமான்னு அன்னிக்குப் பூரா அழுகை. அப்போதான் இந்த க்ரீம் கலர் வண்டி தெருவுல திரும்பித்து. காஸ் லைட் வெளிச்சத்துல, சூட்டும் மாலையுமா, அண்ணாந்து என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சேளே. வெட்கத்துல உள்ளே ஓடிட்டேன். அழுகையும் நின்னுடுத்து. அப்புறம் ஒருநாளும் நீங்க அப்படிச் சிரிச்சதில்லை, அது வேற விஷயம்.”

சொல்லும்போதே அவள் குரல் இளகிவிட்டது. ஸ்ரீவத்சன் பாக்கார்டின் மேலிருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

“நீ சொன்னா சரிதான். எனக்குத்தான் மறதி. ப்யூக்கே இருக்கட்டும்.”

அவள் சந்தோஷமாகப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் கதவைத் துடைக்க ஆரம்பித்தாள். ராமானுஜம் அவரைத் தள்ளி அழைத்துக்கொண்டு போனார்.

“இத்தனை நாள் தேடிட்டு, நிச்சயம் இல்லாம எடுக்கறேளே சார்?”

“நிச்சயமாத்தான் எடுக்கறேன்” என்று குரலைத் தாழ்த்தினார் ஸ்ரீவத்சன். “நான் வந்தது பாக்கார்டுலதான். பயத்துல மடியையே பார்த்துண்டு உட்கார்ந்திருந்தேன். அன்னிக்கு அதே தெருவுல எனக்கு முன்னாடி ப்யூக்ல இன்னொரு ஜானவாசம் போச்சு. ஐம்பது வருஷமா நான் குடித்தனம் பண்றது அந்த மாப்பிள்ளையோட சிரிப்புலன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”