முள்ளங்கியில் ஒரு நீள்வட்டம்

ஜெனிட்டா முள்ளங்கியைச் சாய்வாக அறுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் சாய்ச்சுக்கா."

சனிக்கிழமை மதியம். விடுதி மெஸ் காலியாகிவிட்டது. துடைத்துவிட்டுப் போன மேசையில் ஈரம் காயவில்லை.

ஜெனிட்டா பொறியியல் இறுதியாண்டு. வேலை கிடைத்துவிட்டது. முதலாண்டு வரைபடத் தாள் மட்டும் அரியராக நின்றது. அதைத் தாண்டாவிட்டால் வேலையும் போய்விடும். ஒரு கூம்பை வெட்டினால் என்ன வடிவம் வரும் என்று அவள் மனதுக்குள் பார்க்க முடிந்ததே இல்லை.

எதிரே பேச்சியம்மாள். முதலாண்டு. தமிழ் வழியில் படித்து வந்தவள். வகுப்பில் வாய் திறந்ததில்லை. ஆனால் அவள் வரைந்த படத்தை ஜெனிட்டா பார்த்திருந்தாள். சொல்லித்தரச் சொல்லி வலியப் போய்க் கேட்டாள்.

மாலை பேச்சியின் அப்பா வந்து அவளை ஊருக்குக் கூட்டிப்போகிறார். படிப்பை விட்டுவிட்டுப் போகிறாள்; திரும்பி வருவதாக இல்லை.

"எனக்கு இது ஏறாதுக்கா" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். ஆனாலும் கேட்டதற்காக வந்து உட்கார்ந்திருந்தாள்.

துண்டு விழுந்தது.

வெட்டிய முகம் நீண்டு, வழவழவென்று மின்னியது. ஜெனிட்டா அதன் விளிம்பை விரலால் சுற்றிவந்தாள். இத்தனை வருடமாகப் பிடிபடாத கோடு.

"அட, எலிப்ஸ்!"

பேச்சி நிமிர்ந்தாள்.

"இதுதானா எலிப்ஸு?"

"ஆமா. நீ என்னன்னு நெனச்ச?"

"இது நீள்வட்டம்லாக்கா!"

இன்னொரு முள்ளங்கியை அவளே எடுத்தாள். அதன் சரிவுக்கு இணையாகக் கத்தியை இறக்கினாள்.

"பரவளையம்."

"பரபோலா."

அடுத்ததை நிறுத்திவைத்து, நடுவை விட்டு ஓரமாக நேரே கீழே வெட்டினாள்.

"அதிபரவளையம்."

"ஹைபர்போலா."

பேச்சி சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது.

"சார் என்னமோ புதுசா நடத்துதாருன்னுல்லா நெனச்சேன்."

போகாதே என்று ஜெனிட்டாவுக்கு வாய்வரை வந்தது. தன் பரீட்சைக்காகச் சொல்வதுபோல் ஆகிவிடும். கத்தியை வாங்கித் துடைத்து வைத்தாள்.

பேச்சியின் போன் அடித்தது.

"அப்பா... பஸ் ஏறிட்டீங்களா?"

ஜெனிட்டா தலையைத் தூக்காமல் துண்டுகளைக் கூட்டி அள்ளினாள்.

"ஏறலன்னா வீட்டுக்கு ஒருநடை போய்ட்டு வாங்கப்பா. பரண்ல என் பன்னெண்டாப்பு கணக்குப் புஸ்தகம் கெடக்கும். அத எடுத்துட்டு வாங்க."