முன்னேற்ற ஆண்டின் அட்டைப்படம்

"சிரிம்மா கேப்டன், சிரி! பல்லு தெரியணும். துக்க வீட்டுக்கா வந்திருக்கே?"

ஹாக்கி சம்மேளனத்தின் செயலாளர் போட்ட கத்தலில், கோல் வலை மேல் உட்கார்ந்திருந்த காக்கை பறந்தே போய்விட்டது. அவள் சிரிக்கவில்லை. இருந்த ஆத்திரத்துக்கு யாரையாவது கடிக்கச் சொன்னால் கடித்திருப்பாள்.

தேசிய அணியின் சட்டை அவளுக்கு இரண்டு சுற்றுப் பெரிது. ஆண்கள் அணிக்குத் தைத்ததில் மிஞ்சியது. பெண்களுக்கென்று தனியாகத் தைக்கச் சம்மேளனத்துக்கு இன்னும் மனசு வரவில்லை. முதுகுப் பக்கம் கிளிப்புகளைப் போட்டு இழுத்துப் பிடித்திருந்தார்கள். முன்னாலிருந்து பார்த்தால் ராணி, பின்னாலிருந்து பார்த்தால் கொடியில் காயும் துணி.

"மேடம், மட்டையில இடது கைதான் மேல வரணும்," என்றார் போட்டோகிராபர்.

"எது மேல இருந்தா என்ன? இங்க மேல இருக்கறது எதுவும் வேலை செய்யறதில்ல," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுக் கையை மாற்றினாள்.

செயலாளர் அருகில் வந்து குரலைத் தணித்தார். "இதோ பாரு. தலைவர் வந்துட்டிருக்கார். பக்கத்துல நிக்கணும், சிரிக்கணும், போயிட்டே இருக்கணும். வாயைத் திறந்தே, உன் இடத்துக்கு நூறு பேர் வரிசையில நிக்கறாங்க. ஞாபகம் இருக்கட்டும்."

ஞாபகம் இல்லாமல் என்ன? குடும்பத்திலேயே முதல் பட்டதாரி அவள். அவளுடைய பத்து விரலை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. இந்த இடம் போனால் தம்பியின் படிப்பு போச்சு, அப்பாவின் மருந்து போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

தலைவர் வந்தார். படத்துக்காகத் தண்ணீர் பாய்ச்சிய நீலச் செயற்கைப் புல் தரையில், வெள்ளை ஷூ நனையாமல் நுனிக்காலால் தாவித் தாவி வந்தார்.

"ஆண்டறிக்கைக்கு 'முன்னேற்ற ஆண்டு'ன்னு தலைப்பு. எப்படி? நானே யோசிச்சது."

"பிரமாதம் சார்," என்று குழைந்தார் செயலாளர். "எதிர்காலத் திட்டமும் போட்டாச்சு சார். பொண்ணுங்களுக்கு ஊர் ஊரா அகாடமி. எட்டு வருஷத்துல உலகக் கோப்பை."

"எட்டா? அதுவரைக்கும் யாரு காத்திருப்பா? நாலுன்னு போடுங்க."

"போட்டுடறேன் சார்."

நாலு வருஷ உழைப்பு மிச்சமான திருப்தியில் தலைவர் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். காமிராவைக் கண்ணில் வைத்த போட்டோகிராபர் உதட்டைப் பிதுக்கினார். "சும்மா நின்னா பொம்மை மாதிரி இருக்கு சார். ஏதாவது பேசிக்குங்க. இயல்பா வரும்."

தலைவர் திரும்பி, அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். "சொல்லும்மா கேப்டன். டீமுக்கு என்ன வேணும்? தயங்காமக் கேளு."

அவருக்குப் பின்னாலிருந்து செயலாளர் 'வேண்டாம்' என்று தலையை ஆட்டினார். அதைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கேக்கறேன் சார். போன போட்டிக்கு ஆம்பளைங்க விமானத்துல போனாங்க. பொண்ணுங்க ரெண்டு ராத்திரி ரயில்ல கக்கூஸ் கதவுகிட்ட குந்திக்கிட்டே போனாங்க. இறங்கின கையோட மேட்ச். தோத்ததும், 'பொண்ணுங்களுக்கு உடம்புல தெம்பில்ல'ன்னு நீங்க பேட்டி குடுத்தீங்க."

காமிரா விடாமல் சொடுக்கியது.

"கோல்கீப்பரோட ஹெல்மெட்ல வார் அறுந்துபோச்சு. துணியால கட்டிக்கிட்டு நிக்கறா. பந்து கல்லு மாதிரி வரும் சார், தெரியுமா? இந்தத் தரையை நனைக்காம ஆடினா, விழுந்த இடத்துல தோல் உரியும். பொண்ணுங்க பயிற்சிக்கு வந்தா ஒரு குழாயும் திறக்காது. உங்க படத்துக்கு இன்னிக்கு ஆறா ஓடுது. இதுக்குப் பேரு முன்னேற்றமா? யாரோட முன்னேற்றம் சார்?"

செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் அவள் தலை குனியவில்லை.

தலைவர் அவளையே உற்றுப் பார்த்தார். பிறகு, யாரும் எதிர்பாராமல் கைதட்டினார்.

"சபாஷ்! கேப்டன்னா இப்படி நெஞ்சை நிமிர்த்திக் கேக்கணும். இந்த மாதிரி ஒரு பொண்ணைத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன். அடுத்த வருஷமும் இவதான் கேப்டன். எழுதிக்குங்க செயலாளர்!"

"எழுதிக்கறேன் சார். நல்லது சார். கிளம்பலாம் சார்." போன உயிர் திரும்பி வந்த செயலாளர் தலைவரின் முழங்கையைப் பிடித்துக் காருக்கு நகர்த்தப் பார்த்தார். போகிற போக்கில் அவளைப் பார்த்து, உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். பிழைத்தாய், அப்படியே இரு என்று அர்த்தம்.

இருந்திருக்கலாம். சம்பளம் வந்திருக்கும், தம்பி படித்திருப்பான். அவள் மட்டையைத் தலைவரின் கையிலேயே திணித்தாள்.

"இதையே கேட்டதுக்குத்தான் சார், போன வாரம் நிஜக் கேப்டனை டீமை விட்டே தூக்கினீங்க. உங்க ஆபீஸ்ல அந்த ஆர்டரை டைப் அடிச்சவ நான்!"